பெயர் போட முடியாத நன்றி மடல்

கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளிப் பக்கம் இருக்கும் என் அன்பு மக்களுக்கு,

நீலகிரி மலைப் பெண்களின் உடல்நலத்தையும் அதற்கு வரும் நிதியையும் பற்றிய என் ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். வாய்மொழித் தேர்வும் முடிந்தது. இனி பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்ளலாம், அம்மா அதற்குள் சொந்தக்காரர்களிடமெல்லாம் போடச் சொல்லிவிட்டார். ஆனால் யாரால் இது முடிந்ததோ அவர்கள் பெயரை நான் எழுத முடியாது. யாரையும் அடையாளம் காட்ட மாட்டேன் என்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே! அதனால் இதைப் படிக்கும்போது யார் யார் என்று நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொழுந்து பறிக்கும் அக்காமார்களுக்கு. உங்கள் ஒரு மணி நேரத்துக்கு கிலோவில் விலை உண்டு என்பது தெரிந்துதான் வந்தேன், தெரிந்தும் கேட்டேன், நீங்களும் கொடுத்தீர்கள். "வாய்தானே பேசுது, கை சும்மாவா இருக்கு, நீ கேளு" என்று ஒருவர் சொன்ன பிறகு பேட்டியெல்லாம் செடிகளுக்கு நடுவிலேயே நடந்தது. பதிவுகளைக் கேட்டால் பேச்சைவிடக் கொழுந்து ஒடியும் சத்தம்தான் அதிகம். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளை என் கேள்வித்தாளுக்கு மேல் பிடித்து மழைக்கு மறைத்த அந்தக் கறை படிந்த விரல்களை மறக்க மாட்டேன்.

ரத்தசோகை, பேறுகாலம், காசநோய் என்று பட்டியலோடு நான் போயிருந்தேன். பட்டியலில் இல்லாததை நீங்கள் சொன்னீர்கள்: தேயிலைக் காட்டில் ஒதுங்க இடமில்லை, அதனால் காலையில் தண்ணீரே குடிக்காமல் வேலைக்கு வருகிறோம், அப்புறம் நீர்க்கடுப்பு, காய்ச்சல், ஒரு நாள் கூலி போச்சு. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951லேயே குடிநீரும் கழிப்பிடமும் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. எந்த வெளிநாட்டு நிதித் திட்டத்தின் படிவத்திலும் இதற்கு ஒரு கட்டம் நான் பார்க்கவில்லை. ஆய்வேட்டில் நான்காம் இயல் முழுக்க இதுதான், அது உங்கள் இயல்.

அந்த ஐந்து ரூபாய்ப் பாட்டிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1971இல் நீலகிரியின் மூன்று தேயிலைத் தோட்டங்களில் ஒரு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. பெண் தொழிலாளி பெயரில் மாதம் ஐந்து ரூபாய் போட்டு வருவார்கள், குழந்தைகள் கூடினால் அதில் பிடித்தம், கைக்குப் பணம் வருவது பல வருஷம் கழித்து. மக்கள்தொகை ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதியதைப் படித்திருந்தேன். பாட்டி கேட்டது ஒரே கேள்வி: "கணக்கு எம் பேர்ல சரி, வீட்டுக்காரருக்கு ஏன் கணக்கு இல்ல?" தேர்வில் நிபுணர்கள் என்னைக் கேட்ட எதுவும் இந்த அளவுக்கு இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

கிராம சுகாதார செவிலியர்களுக்கும், 2021இல் மாநில அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு ரத்த அழுத்தக் கருவியும் மாத்திரைப் பையுமாகத் தோட்டக் குடியிருப்புகளில் லைன் லைனாக ஏறி இறங்கும் தன்னார்வலர்களுக்கும், ஆதிவாசி நலப் பணியாளர்களுக்கும் நன்றி. இந்தியாவில் அரிவாள் செல் நோயை, அதாவது ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோயை, முதலில் 1952இல் பதிவு செய்தது இதே நீலகிரி ஆதிவாசிகளிடம்தான். அதற்கான தேசிய இயக்கம் வந்தது 2023இல். நடுவில் இருந்த காலத்தில் வீடு வீடாகப் போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களில் பலருக்குக் கிடைத்தது ஊக்கத்தொகை, சம்பளம் இல்லை. பணம் நோய்வாரியாகப் பிரிந்து வருகிறது, இரண்டு மூன்று நோய் ஒரே பெண்ணுக்கு ஒரே மாதத்தில் வந்தால் அதைச் சேர்த்துப் பார்ப்பது இவர்கள்தான். என் ஆய்வின் வாதம் மொத்தமே இவ்வளவுதான், மீதியெல்லாம் அடிக்குறிப்பு.

சின்ன தொண்டு நிறுவனத்தில் கணக்கு எழுதும் அண்ணனுக்கு: வெளிநாட்டு நிதிச் சட்டத்தை 2020இல் திருத்தியபோது என்ன ஆனது என்பதை நீங்கள் பேரேட்டைத் திறந்து காட்டாவிட்டால் எனக்குப் புரிந்திருக்காது. நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20க்கு இறங்கியது, ஒரு நிறுவனம் வாங்கிய பணத்தை இன்னொன்றுக்குக் கைமாற்றவே கூடாது என்றும் ஆனது. மலையில் இருக்கும் சின்ன அமைப்புகள் அதுவரை பெரிய அமைப்புகள் வழியாக வந்த பணத்தில்தான் பிழைத்தன. யாரை முதலில் வேலையிலிருந்து நிறுத்தினார்கள் என்று அந்தப் பக்கத்தில் விரல் வைத்துக் காட்டினீர்களே, களப்பணிக்குப் போகும் பெண்களைத்தான்.

உள்ளே விட மாட்டோம் என்று கேட்டிலேயே நிறுத்திய ஒரு தோட்ட அலுவலகத்துக்கும் நன்றி, அன்று டீக்கடையில் உட்கார்ந்ததில்தான் தொழிற்சங்க அண்ணன்மார் அறிமுகமானார்கள். பணியர் பழங்குடியினரின் மொழியில் கூட வந்து பேசிக் கொடுத்த தங்கைக்கு, கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட இரவுகளில் பாய் விரித்த வீடுகளுக்கு, யானை நிற்கிறது என்று போன் பண்ணித் தடுத்த ஜீப் அண்ணனுக்கு, எல்லோருக்கும்.

ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கம் தயார். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொளப்பள்ளிக்கு வந்து வாசிக்கிறேன், நாளை முன்கூட்டியே சொல்லி அனுப்புகிறேன். நீங்கள் சொன்னது எதையாவது எடுத்துவிட வேண்டும் என்றால் அன்றே சொல்லிவிடுங்கள், அச்சுக்கு அதற்குப் பிறகுதான் கொடுப்பேன்.