திருமண கேக்: எடைக்குறைவு, தவறான வெட்டு, நேரம் தவறிய பரிமாறல் குறித்த புகார்

அனுப்புநர்:
மணமகள் வீட்டாரும் பந்தி மேற்பார்வைக் குழுவினரும்,
பொறையார், மயிலாடுதுறை மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், விசேஷ ஆர்டர் பிரிவு,
கும்பகோணம் கிளை.

ஐயா,

கடந்த மே மாதம் தரங்கம்பாடியில் திருமண ஆராதனை முடிந்து, பொறையார் மண்டபத்தில் நடந்த வரவேற்புக்காகத் தங்களிடம் 36 கிலோ கேக் ஆர்டர் கொடுத்து முழுத் தொகையும் கட்டியிருந்தோம். மேடையில் வெட்ட 4 அடுக்கு கேக் 12 கிலோ; பந்திக்கு வெட்டித் தர 4 கிலோ வீதம் 6 ஸ்லாப் (செவ்வகப் பாளமாகச் செய்த கேக்), ஆக 24 கிலோ. ஸ்லாப்களில் ஒன்று முட்டை சேர்க்காதது. வெட்டிப் பரிமாறும் ஆட்களும் தங்களுடையவர்களே. விருந்தினர் 600 பேர். தட்டுக்கு வந்தது 348 துண்டு.

கிளையில் கேட்டதற்கு, "1 கிலோ 10 பேருக்குத்தான் வரும், 600 பேருக்கு 60 கிலோ போட்டிருக்க வேண்டும்" என்று பதில் சொன்னார்கள். அந்தப் பதிலை ஏற்க முடியாது.

1 கிலோவுக்கு 10 பேர் என்பது பிறந்தநாள் கணக்கு. அங்கே கேக்தான் முக்கியப் பலகாரம், பக்கத்தில் ஒரு சமோசாவும் கொஞ்சம் மிக்சரும் இருக்கும். 100 கிராம் துண்டு காலியாகிவிடும். கல்யாண மத்தியானத்தில் கேக்குக்குப் பின்னால் பிரியாணி, பிரெட் அல்வா, ஐஸ்கிரீம் என்று வரிசையாகக் காத்திருக்கிறது. அங்கே 50 கிராமுக்குச் சற்று முன்பின் இருந்தால் தாராளம். அதற்கு மேல் பெரிதாகப் போட்டால் பாதி கடித்த கேக்கை நாற்காலிக்கு அடியில்தான் தேட வேண்டும். சாப்பாடு இல்லாமல் கேக்கும் டீயும் மட்டும் தரும் மாலை வரவேற்பு என்றால் 80 கிராம் சரி. பட்டர் பேப்பரில் மடித்துக் கொடுக்கும் பிளம் கேக் என்றால் 30 கிராமே போதும். ஆகவே எத்தனை பேர் என்று மட்டும் கேட்டு எடை சொல்ல முடியாது. கூட என்ன பரிமாறுகிறோம், எந்த நேரத்தில் என்றும் கேட்க வேண்டும். தங்கள் ஆர்டர் படிவத்தில் டிசைன் நம்பருக்கும் கேக்கில் எழுத வேண்டிய பெயருக்கும் இடம் இருக்கிறது. இந்த இரண்டு கேள்விக்கும் இடம் இல்லை.

36 கிலோ என்பதை நாங்கள் கண்ணளவில் சொல்லவில்லை. 12க்கு 18 அங்குல ஸ்லாப்பை 2க்கு ஒன்றரை அங்குலமாக வெட்டினால் 72 துண்டு. 6 ஸ்லாப்பில் 432. அடுக்கு கேக்கின் அடிவட்டம் 14 அங்குலம்; 4 அங்குல உயரக் கேக்கில் 1க்கு 2 அங்குலத் துண்டாக எடுத்தால் 78 வரும். அதே அளவில் 12 அங்குல அடுக்கில் 56, 9 அங்குல அடுக்கில் 32. உச்சியிலுள்ள 6 அங்குல அடுக்கு, 1 கிலோ, மணமக்கள் வீட்டுக்குப் போவது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மொத்தம் 598. சர்க்கரைக்காரர்களும் கேக் வேண்டாம் என்பவர்களும் எந்தக் கூட்டத்திலும் இருப்பதால் 600 பேருக்கு இது இடிக்காது.

இனி, அந்த 598 எப்படி 348 ஆனது என்று பாருங்கள்.

12 அங்குல அடுக்கும் 9 அங்குல அடுக்கும் தெர்மாகோல். மேலே ஃபாண்டன்ட் என்ற சர்க்கரை மாவுப் போர்வை போர்த்தியிருந்ததால் கத்தி இறங்கும்வரை யாருக்கும் தெரியவில்லை. டம்மி அடுக்கு வைப்பது தவறே அல்ல. உயரம் காட்ட எல்லாரும் வைப்பதுதான். ஆனால் அதை முன்கூட்டியே சொல்லி, எடையிலிருந்து கழித்து, அந்த அளவு கேக்கை ஸ்லாப்பாகச் சேர்த்து அனுப்புவதுதான் முறை. பில்லில் அந்த இரண்டு அடுக்கும் 6 கிலோ கேக் என்றே விலை போடப்பட்டுள்ளது. இதில் போனது 88 துண்டு.

தங்கள் ஆட்கள் ஸ்லாப்பை 2க்கு 2 அங்குலமாக வெட்டினார்கள். 72 வர வேண்டிய இடத்தில் 54. ஆறிலும் சேர்த்து 108 துண்டு குறைந்தது. 14 அங்குல அடுக்கைப் பிறந்தநாள் கேக் போல நடுவிலிருந்து முக்கோணமாகக் கீறி 24 ஆக்கினார்கள். அவ்வளவு பெரிய வட்டத்தை அப்படி வெட்டவே கூடாது. துண்டு 7 அங்குல நீளம் வருகிறது, நுனி ஒடிகிறது, ஒருவருக்கு 200 கிராம் விழுகிறது. விளிம்பிலிருந்து 2 அங்குலம் உள்ளே தள்ளி வட்டமாக ஒரு வெட்டுப் போட்டு, அந்த வளையத்தை அங்குலம் அங்குலமாக நறுக்கி எடுத்துவிட்டு, உள்ளே அடுத்த வளையம் போட வேண்டும். நீளமான மெல்லிய கத்தி, பக்கத்தில் சுடுநீர், ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு துடைப்பு. இது தெரியாதவரைக் கல்யாணத்துக்கு அனுப்பியதில் மேலும் 54 துண்டு போனது. 88, 108, 54 மூன்றும் சேர்ந்து 250.

எடையும் குறைவு. ஸ்லாப் ஒவ்வொன்றும் பலகை, அட்டைப்பெட்டியோடு சேர்த்துத்தான் 4 கிலோ. மண்டபத் தராசில் கேக்கை மட்டும் வைத்தபோது 3.6 கிலோ. ஆறுக்கும் சேர்த்து 2.4 கிலோ அட்டைக்கு, கேக் விலை கொடுத்திருக்கிறோம்.

முட்டை சேர்க்காத ஸ்லாப் எது என்று பெட்டியில் குறிப்பில்லை. சைவத்துக்கான பச்சை வட்டமும் இல்லை, அசைவத்துக்கான பழுப்பு முக்கோணமும் இல்லை. ஆறும் ஒரே நிறம், ஒரே கிரீம், வெட்டியது ஒரே கத்தி. சைவப் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எந்தத் தட்டை நம்பி நீட்டுவது? கடைசியில் அந்தப் பந்திக்குக் கேக்கே போகவில்லை. அதைத் தனி நிறப் பெட்டியில் வைத்து, முதலில் வெட்டி, மூடித் தனியே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

நேரக் கணக்கைத் தங்களுக்கு எழுதியே கொடுத்திருந்தோம். 11.45க்கு ஆயர் ஜெபம், கேக் வெட்டு, 12.15, 1 மணி, 1.45 என மூன்று பந்தி. வெட்டு முடிந்து மேடையில் வாழ்த்துச் சொல்ல வரிசை நிற்கும் அரை மணி நேரத்தில், உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஜூஸோடு கேக் போக வேண்டும். அந்த நேரத்தில் வந்திருப்பவர்கள் முதல் பந்திக்கானவர்கள், சுமார் 200 பேர். காரைக்கால், நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருபவர்கள் இரண்டாம், மூன்றாம் பந்திக்குத்தான் வந்து சேர்வார்கள். அதனால் முதலில் 3 ஸ்லாப் மட்டும் வெட்டி, மற்றதைப் பந்திக்குப் பந்தி வெட்டச் சொல்லியிருந்தோம். தங்கள் ஆட்கள் 11.15க்கே ஆறையும் வெட்டித் தட்டுகளில் பரப்பிவிட்டார்கள். மேடையில் மணமக்கள் கத்தியைத் தொடும் முன்பே கீழே குழந்தைகள் இரண்டாவது துண்டில் இருந்தார்கள். மூன்றாம் பந்திக்காரர்கள் கண்டது காலித் தட்டை.

பரப்பியதில் இன்னொரு கேடு. கடற்கரை ஊர், மே மாத நடுப்பகல், ஏ.சி. இல்லாத மண்டபம். 32 டிகிரிக்கு மேல் பால் கிரீம் கேக்கை வெளியில் வைக்க 1 மணி நேரத்துக்கு மேல் அனுமதிக்கவே கூடாது. வெட்டிய துண்டு முழு ஸ்லாப்பைவிட வேகமாகச் சூடேறும். நாலு பக்கமும் காற்றுப் படுகிறதல்லவா. 12.30க்குக் கிரீம் தட்டில் வழிந்தது. மீந்திருந்த சில தட்டுகளை நாங்களே எடுத்துக் கொட்டச் சொன்னோம். அடுக்கு கேக்கைக் குளிர்பெட்டி வண்டியிலிருந்து இறக்கிய கையோடு பெட்டியைத் திறந்ததால், ஈரக்காற்று பட்டு ஃபாண்டன்ட் முழுக்க வியர்த்தது. சிவப்புப் பூவின் சாயம் வெள்ளையில் இறங்கியதற்குக் காரணம் அதுதான். குளிர்ந்த கேக்கைப் பெட்டியோடு ஒரு மணி நேரமாவது வைத்து, குளிர் தணிந்த பிறகு திறந்தால் நீர் பெட்டியின் மேல்தான் கோக்கும். அதைவிட நல்லது, அடுக்கு கேக்கின் உள்ளே பால் கிரீம் போடாமல் பட்டர் கிரீம் போட்டு, கடுங்குளிர் இல்லாமலே கொண்டுவருவது. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை வழியாக 60 கிலோமீட்டருக்கு மேல் கேக் அனுப்பும் கடைக்கு இது புதிதாக இருக்க முடியாது.

அடியடுக்கில் மேல் பாரம் தாங்கச் செருகிய பிளாஸ்டிக் குச்சிகளை உருவாமலேயே வெட்டியதால், ஒரு துண்டோடு அரை அங்குலக் குச்சி முனை தட்டுக்குப் போனது. பார்த்து எடுத்துவிட்டோம். எத்தனை குச்சி செருகினோம் என்று பலகையின் அடியில் எழுதி, வெட்டும் முன் அத்தனையும் எண்ணி எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் பணத்தோடு போகும். இது ஒரு குழந்தையின் தொண்டையில் போயிருக்கும்.

நாங்கள் கேட்பது: இல்லாத 6 கிலோ அடுக்கு கேக்குக்குக் கிலோ 1,400 வீதம் 8,400 ரூபாய், அட்டை எடை 2.4 கிலோவுக்குக் கிலோ 700 வீதம் 1,680. சைவப் பந்திக்குப் பயன்படாமல் போன முட்டையில்லா ஸ்லாப் 3.6 கிலோவுக்கு 2,520. ஆக 12,600 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். வெட்டும் ஆட்களுக்கான கூலியை இதில் சேர்க்கவில்லை, அவர்கள் வெயிலில் வந்தவர்கள். சொல்லிக் கொடுக்காதது அவர்கள் குற்றமில்லை. டம்மி அடுக்கை எடையில் சேர்த்தது யார் முடிவு என்பதற்கும் எழுத்தில் விளக்கம் வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், எடைக்குறைவுக்காகத் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவிலும் புகார் பதிவு செய்வோம். அதற்குப் பிறகும் தீராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். தெர்மாகோல் அடுக்குகள் இரண்டையும், பெட்டிகளையும் பத்திரமாக வைத்திருக்கிறோம். தங்கள் ஆள் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
மணமகள் வீட்டாரும் பந்தி மேற்பார்வைக் குழுவினரும்

இணைப்பு: பில் நகல், ஆர்டர் படிவ நகல், தங்களுக்குக் கொடுத்த நேர அட்டவணை, தராசில் எடுத்த படங்கள்.