வொர்லி சாலும் நம் பினாங்குக் கடைவீடும்

மாடுங்கா, மும்பை
12.10.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீங்கள் கொடுத்தனுப்பிய மீன் கறித்தூள் பாதி தீர்ந்துவிட்டது. இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. மாடுங்காவில் தமிழுக்குப் பஞ்சமில்லை. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் மல்லிகைச் சரமும் வாழையிலையும் விற்கிறார்கள், விலையைத் தமிழிலேயே சொல்கிறார்கள். நான் வாய் திறந்ததும் "எந்த ஊர்மா நீ?" என்று கேட்கிறார்கள். நம் மலேசியப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் "லா" போகவே மாட்டேன் என்கிறது.

நான் தங்கியிருக்கும் கட்டடம் 1940களில் கட்டியது. பால்கனி மூலைகள் வளைந்து அழகாக இருக்கும், காரைதான் உதிர்கிறது. கீழ்வீட்டுப் பாட்டியின் அப்பா குடிவந்த வீட்டில் பாட்டி இன்னமும் இருக்கிறார். வாடகை மாதம் சில நூறு ரூபாய்தான். 1947-இல் வந்த வாடகைச் சட்டம் 1940-இல் இருந்த வாடகையோடு நிறுத்திவிட்டது. அந்தக் காசில் எந்த உரிமையாளர் பழுது பார்ப்பார்? நகரத்தில் பாதிக் கட்டடங்கள் இப்படித்தான் இளைத்துப்போயின. ஆனாலும் சட்டம் போகவில்லை. 1999-இல் புதிதாக எழுதி, 2000 மார்ச் கடைசியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோதும் பழைய குடித்தனக்காரர்களுக்குப் பாதுகாப்பை விட்டுவைத்தார்கள்.

அந்த வருடத்தைப் படித்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது அம்மா. 2000 ஜனவரி 1-ஆம் தேதிதானே நம் மலேசியாவில் 1966-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் விலகியது? அந்தப் பாதுகாப்பு போனதும் பினாங்கு ஸ்ட்ரீட்டில் முன்னால் கடையும் உள்ளே வீடுமாக இருந்த நம் கடைவீட்டைக் காலி செய்தோம். எனக்கு அப்போது ஏழு வயது. அப்பா சாமான்களை லாரியில் ஏற்ற, நீங்கள் நடு முற்றத்தில் துளசித் தொட்டியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்கு வந்த பிறகு நீங்கள் பினாங்கு ஸ்ட்ரீட் பக்கமே பல வருடம் போகவில்லை. 2008-இல் ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது ஊரே கொண்டாடியது, நீங்கள் டிவியை அணைத்துவிட்டீர்கள். அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. கட்டடக்கலை படித்து, இங்கே வந்து, வொர்லி சால்களை அளந்த பிறகுதான் புரிகிறது.

சால் என்றால் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை அறைகள். இந்த வொர்லி சால்கள் 1920களில் கவர்னர் ஜார்ஜ் லாய்டு காலத்தில் பாம்பே டெவலப்மென்ட் டிபார்ட்மென்ட் கட்டியவை. அதனால் பி.டி.டி. சால் என்றே பெயர். வொர்லி, நாய்காவ், என்.எம்.ஜோஷி மார்க், சிவ்ரி எல்லாம் சேர்த்து 207 கட்டடங்கள், வொர்லியில் மட்டும் 121. தரைத்தளமும் மேலே மூன்று மாடியும், மாடிக்கு 20 அறை, அறைக்கு 160 சதுர அடி. மாடிக்குப் பொதுக் கழிப்பறை. கான்கிரீட்டில் கட்டியிருக்கிறார்கள். மில்களில் வேலை பார்த்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்த இடம்.

எங்கள் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் மராத்திப் பெண் அங்கேதான் வளர்ந்தவள். பழைய கட்டடம் ஒன்றை இடிப்பதற்கு முன் அளவெடுக்கப் போனோம். நான் டேப்பின் ஒரு முனையைப் பிடித்திருந்தேன். அவள் நடைவழியில் குனிந்து தரையைத் தொட்டுக் காட்டினாள்: "இது அப்பா படுக்கும் இடம், இது பெரிய அண்ணன், அந்தத் தூண் பக்கம் எதிர்வீட்டு மாமா." வீட்டில் ஒன்பது பேர். ஆண்கள் எல்லாரும் இரவில் வெளியே. சொல்லிவைத்தாற்போல் அவரவர் இடம், யாரும் மாறிப் படுக்க மாட்டார்களாம். என் வரைபடத்தில் அது வெறும் நடைவழி. அன்றைக்கு வந்து அந்தப் பாய்களையும் வரைந்தேன். எங்கள் அலுவலகப் பெரியவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, அழிக்கவும் சொல்லவில்லை.

இப்போது அந்த இடத்தில் 40 மாடிக் கோபுரங்கள் எழும்புகின்றன. 2017-இல் பூமி பூஜை போட்டார்கள், இந்த ஆகஸ்டில்தான் முதல் 556 வீடுகளுக்குச் சாவி கொடுத்தார்கள். 160 சதுர அடியில் இருந்தவர்களுக்கு அதே வொர்லியில் 500 சதுர அடி வீடு, இலவசமாக. விற்பனைக்குக் கட்டும் கட்டடங்களின் காசில் இது நடக்கிறது.

அவள் அம்மாவைப் புது வீட்டில் போய்ப் பார்த்தேன். வீட்டுக்குள்ளேயே கழிப்பறை இருக்கிறது என்று கதவைத் திறந்து காட்டினார். எழுபது வயதில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர் முகத்தில் தெரிந்தது. வாசல் கதவை மட்டும் சாத்தவே இல்லை. எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரு கவலை உண்டு. 1896-இல் பிளேக் வந்து இந்த மும்பையை வாரிக்கொண்டு போன பிறகு, நகரைச் சீர்படுத்த 1898-இல் இம்ப்ரூவ்மென்ட் ட்ரஸ்ட் என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள். பின்னால் அதன் தலைவராக இருந்த ஜே.பி. ஓர் (Orr) என்பவர் ஒரு கணக்கை வலியுறுத்தினார்: வெளிச்சக் கோணம் 63.5 பாகை. அதாவது எதிரே 20 அடி திறந்தவெளி இருந்தால் கட்டடம் 40 அடிக்கு மேல் உயரக் கூடாது. அப்போதுதான் கீழ் அறைக்கும் வெளிச்சம் இறங்கும். புதுக் கோபுரங்களுக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்த்தேன், வானம் ஒரு துண்டாகத்தான் தெரிந்தது. நூறு வருடத்துக்கு முன் செத்தவர்களைப் பார்த்துக் கற்ற பாடத்தை இவ்வளவு லேசாக விட்டிருக்க வேண்டாம்.

இருந்தாலும் அம்மா, எதை இழக்கலாம் என்று என்னைக் கேட்டால், நான் கட்டடத்தைத்தான் சொல்வேன். நம் தெருவில் ஓட்டுக் கூரையும் மரச் சட்டமும் பூவேலையும் அப்படியே இருக்கின்றன, வர்ணம்கூடப் புதிது. குடியிருந்த நம்மில் ஒருவர்கூட அங்கே இல்லை. நம் வாசலில் இன்று காப்பிக்கடை நடக்கிறது. வொர்லியில் சுவர் போனது, ஆனால் அந்த மராத்தி அம்மா கீழே இறங்கினால் அதே ஜாம்போரி மைதானம்தான், அதே ஆட்கள்தான்.

சரி, ஒரு வேலை இருக்கிறது உங்களுக்கு. அப்பாவோடு உட்கார்ந்து நம் கடைவீட்டின் அளவுகளை எழுதி அனுப்புங்கள். முன்கடை எத்தனை அடி, நடு முற்றம் எத்தனை அடி, மாடிப்படி எந்தப் பக்கம் திரும்பியது. அடி தெரியாவிட்டால் எத்தனை பாய் விரிக்கலாம் என்று எழுதினாலும் போதும். யார் எங்கே படுத்தோம் என்பதை மறக்காமல் எழுதுங்கள். பாட்டி எந்தச் சன்னலோரம், நான் யார் பக்கத்தில் என்பது எனக்கு நினைவில்லை.

அப்பாவுக்கு இரத்த அழுத்த மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள். தம்பியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்