‘இன்’ போட்டாலும் பற்றும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் இதழின் ஆங்கிலப் பயிற்சிப் பக்கத்தில், சொல்லுக்கு முன்னால் ‘இன்’ சேர்த்தால் எதிர்ப்பொருள் வரும் என்று ஒரு பட்டியல் வந்திருந்தது. கரெக்ட் – இன்கரெக்ட், விசிபிள் – இன்விசிபிள், எல்லாம் சரி. கடைசி வரியில் ஃப்ளேமபிள் – இன்ஃப்ளேமபிள் என்று இருந்ததைப் பார்த்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டுக்கும் ஒரே பொருள்தான்: எளிதில் தீப்பற்றும்.

வேறு சொல்லாக இருந்தால் விட்டிருப்பேன். நான் முப்பது வருஷமாகப் பெயிண்ட் கடை வைத்திருப்பவன். ஓர் ஆயுத பூஜையன்று, புதிதாகச் சேர்ந்த பையன் பின்னறையில் தின்னர் டின் மேலேயே தட்டை வைத்துச் சூடம் ஏற்றப் போனான். மூடி சரியாக மூடாத டின். வாசனை அறை முழுக்க இருந்தது. பாய்ந்துபோய்த் தீப்பெட்டியைப் பிடுங்கினேன். “பத்திக்காதுன்னுதானே போட்டிருக்கு, அண்ணாச்சி” என்று டின்னில் இருந்த சிவப்பு எழுத்தைக் காட்டினான். படிக்காத பையன் இல்லை. பிளஸ் டூவில் ஆங்கிலத்தில் நல்ல மார்க். அந்த மார்க்தான் அன்றைக்கு எங்களைக் கொளுத்தப் பார்த்தது.

இந்த ‘இன்’ மறுப்பு இல்லை. லத்தீனில் ‘உள்ளே’ என்ற பொருளில் வருவது. தீ மூளுவதைச் சொல்வது. டாக்டர்கள் சொல்லும் இன்ஃப்ளமேஷனும் இதே குடும்பம்தான். அதைத் தமிழில் அழற்சி என்கிறோம். அழல் என்றால் நெருப்பு. அந்தப் பெயரை வைத்தவர் யாரோ, ‘இன்’னைக் கண்டு ஏமாறவில்லை.

இரண்டில் மூத்தது இன்ஃப்ளேமபிள்தான். ஆட்கள் தப்பாகப் படித்துவிடுவார்கள் என்று பயந்து, 1920-களில் அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் ‘இன்’னை விட்டுவிட்டு எழுதச் சொன்னது. நம் நாட்டிலோ தீப்பற்றும் பொருள்களுக்கான 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. டேங்கர் லாரிகளின் முதுகிலும் பார்க்கலாம். தீப்பற்றாது என்று சொல்ல வேண்டுமானால் நான்-ஃப்ளேமபிள்.

உண்மையில் வித்தியாசம் காட்ட வேண்டிய சொல் கம்பஸ்டிபிள். அகலில் நல்லெண்ணெய் ஊற்றி, எரியும் தீக்குச்சியை அதற்குள் போட்டுப் பாருங்கள், குச்சிதான் அணையும். திரி வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் 200 டிகிரிக்கு மேல் காய வேண்டும். அது கம்பஸ்டிபிள், அதாவது எரியக்கூடியது, அவ்வளவுதான். பெட்ரோல் அப்படியா? மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் அதன் ஆவி பொறி பட்டால் பற்றும். (இதை யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.)

திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். மூலையில் பொடி எழுத்தில் வேண்டாம். பட்டியல் வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் போடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு பெயிண்ட் கடைக்காரர்,
விருதுநகர்