கதிருக்கு, அல்சூரிலிருந்து அம்மா

கண்ணா கதிர்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே யோசனைதான். பேங்க் வேலையை விட்டுவிட்டு, நாடகத்தை வைத்து மனசுக்கு வைத்தியம் பார்க்கும் டிராமாதெரபி படிக்கிறேன் என்றாய், இல்லையென்றால் அதையே உடம்பின் அசைவை வைத்துச் செய்யும் டான்ஸ் மூவ்மென்ட் தெரபி, எது என்று இன்னும் முடிவாகவில்லை என்றாய். அப்பா பக்கத்திலேயே இருந்ததால் என்னால் அதிகம் பேச முடியவில்லை. எழுதினால்தான் எனக்குக் கோர்வையாகவும் வரும்.

படி. நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் படிப்பதென்றால் முழுசாகப் படி. இங்கே பெங்களூரில் சனி ஞாயிறு இரண்டு நாள் வொர்க்‌ஷாப் போய்விட்டு வந்து தெரபிஸ்ட் என்று போர்டு மாட்டுகிறவர்களைப் பார்க்கிறேன், அந்த வரிசையில் என் பிள்ளை நிற்கக் கூடாது. மனநல வார்டில் இத்தனை காலம் வேலை பார்த்தவள் என்ற முறையில்தான் இதைச் சொல்கிறேன்.

எங்கள் வார்டில் ஒருவர் இருந்தார், நாற்பது வயதிருக்கும், மருந்து மாற்றியும் பேச்சே வரவில்லை. ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்து வலது கை விரல்களால் தொடையில் தட்டிக்கொண்டே இருப்பார். தட்டுவார், நிறுத்துவார், மறுபடி தட்டுவார். நாங்கள் அதை சார்ட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். பயிற்சிக்கு வந்த ஒரு பெண் அந்த பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்து அதே தாளத்தைத் தன் தொடையில் தட்டினாள். அவர் நிறுத்தினால் இவளும் நிறுத்துவாள். பெயர் கேட்கவில்லை, பேச்சுக் கொடுக்கவில்லை. இப்படியே சில வாரம் போனது. ஒருநாள் அவர் வேண்டுமென்றே தாளத்தை மாற்றிவிட்டு, இவள் கூட வருகிறாளா என்று கடைக்கண்ணால் பார்த்தார். நான் மருந்து ட்ரேயோடு அப்படியே நின்றுவிட்டேன். பேச்சு அதற்கப்புறம் ரொம்ப நாள் கழித்துத்தான் வந்தது, அதில் மருந்தின் பங்கும் இருக்கும், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்தில் ஒரு மனுஷி இருக்கிறாள் என்று அவர் முதலில் கவனித்தது அந்தத் தாளத்தில்தான்.

அந்தப் பெண்ணிடம் கேட்டபோது, இது மரியன் சேஸ் வழி என்றாள். அமெரிக்காவில் நடனக்காரியாக இருந்த அந்தம்மா 1942-இல் வாஷிங்டன் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்குள் போய், நோயாளியின் அசைவைத் தன் உடம்பில் வாங்கி அவருக்கே திருப்பிக் கொடுத்து வேலை செய்தாராம். 1966-இல் அமெரிக்காவில் டான்ஸ் தெரபிக்காரர்களுக்கு ஒரு சங்கம் அமைந்தபோது முதல் தலைவரும் அவர்தான். நீ ரங்க சங்கரா நாடக அரங்கில் நடித்தபோது முதல் வரிசையில் உட்கார்ந்து பெருமைப்பட்டவள் நான். மேடையில் இருக்கும்போது அத்தனை பேரும் உன்னைத்தான் பார்ப்பார்கள். அந்த பெஞ்சில் அந்தப் பெண்ணை யாரும் பார்க்கவில்லை, அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. அது உனக்கு ஒத்துவருமா என்று நன்றாக யோசி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேறொரு இடத்தில் நான் நைட் டியூட்டி பார்த்த காலத்தில், நாடகம் போடுகிறோம் என்று வாலண்டியர்கள் வந்தார்கள். ஒரு சின்னப் பெண்ணிடம், உங்கள் அப்பா உன்னை அடித்ததை அப்படியே நடித்துக் காட்டு என்றார்களாம். அவள் நடித்தாள், எல்லோரும் அழுதார்கள், கைதட்டினார்கள், சாயங்காலம் கிளம்பிப் போய்விட்டார்கள். ராத்திரி அவள் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு வெளியே வர மாட்டேன் என்றுவிட்டாள். விடியும் வரை தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை.

முறையாகப் படித்தவர்கள் அப்படி நேராகக் காயத்தில் கை வைக்க மாட்டார்கள். ஒரு கதையைக் கொடுப்பார்கள், பொம்மையோ முகமூடியோ கொடுப்பார்கள், யாரோ ஒரு ராஜகுமாரிக்கு நடந்த மாதிரி அது வெளியே வரும். முடிக்கும்போது, போட்ட வேஷத்தை விட்டு வெளியே வந்து தன் பெயரைச் சொல்லி, இது இன்ன இடம், இன்ன நாள் என்று தரையில் கால் ஊன்ற வைத்துத்தான் அனுப்புவார்கள். நம் ஊரில் சாமி வந்தவரை மலையேற்றாமல் யாராவது வீட்டுக்கு அனுப்புவார்களா? அந்த மலையேற்றும் வேலையைத்தான் நீ காசு கொடுத்துக் கற்றுக்கொள்ளப் போகிறாய்.

எதைப் படிப்பது என்று கேட்டாயே, என் மனசு டிராமா பக்கம்தான். நீ அதிலேயே வளர்ந்தவன். அதோடு நீ இருக்கிற பிரிட்டனில் டிராமாதெரபிஸ்ட் என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, எச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில் பதிவு அமைப்பில் பதியாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது குற்றம். டான்ஸ் மூவ்மென்ட்டுக்கு அங்கே அவர்களுடைய தொழில் சங்கப் பதிவு உண்டு, சட்டப் பதிவு இல்லை. நாளைக்கு இங்கே திரும்பி வந்தால் என்ன என்று அப்பா கேட்பார். 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான மத்தியச் சட்டத்தின் பட்டியலில் மூவ்மென்ட் தெரபிஸ்ட் என்று ஒரு பெயர் இருக்கிறது, கலை, நடன தெரபியெல்லாம் அதற்குள் வருகிறது. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்திலேயே டான்ஸ் மூவ்மென்ட் தெரபிக்கு டிப்ளமோ நடத்தியிருக்கிறார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை கிடைப்பது அபூர்வம்தான், அதையும் தெரிந்துகொண்டே இறங்கு.

அந்தப் படிப்பில் மாணவர்களும் ஒரு தெரபிஸ்டிடம் போயாக வேண்டும் என்று சொன்னாயே, அதைச் சொல்லும்போது உன் குரல் கொஞ்சம் தயங்கியது. போ கண்ணா. தாத்தாவுக்கு நினைவு தப்பிப்போன அந்த வருஷங்களில், பத்தாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டே நீதான் அவரைக் குளிப்பாட்டினாய், உன் பெயரே தெரியாமல் உன்னை அடித்தார், நீ யாரிடமும் வாயே திறக்கவில்லை. அதையெல்லாம் அங்கே பேசு. எங்களைப் பற்றியும் என்ன தோன்றுகிறதோ சொல். வீட்டு விஷயம் வெளியே போகிறதே என்று நினைக்காதே, நான் நினைக்க மாட்டேன்.

டிசம்பரில் வரும்போது இரண்டு வாரமாவது லீவு போட்டு வா. லிங்கராஜபுரத்தில் என்னோடு வேலை பார்த்த சிஸ்டர் ஒருவர் சிறப்புப் பள்ளியில் இருக்கிறார், உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அங்கே போய் நாடகம் எதுவும் போட வேண்டாம், பிள்ளைகளோடு உட்கார், சாப்பாட்டு நேரத்தில் தட்டு எடுத்துக் கொடு, டீச்சர் சொன்னதைச் செய். அப்ளிகேஷனில் அனுபவம் கேட்பார்கள், அதற்கும் ஆகும்.

அப்பாவிடம் ஃபீஸ் விஷயத்தை நீயே பேசு. காலையில் வேண்டாம், சாயங்காலம் ஏரிப் பக்கம் நடக்கப் போகும்போது கூடப் போய்ப் பேசு. என் பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியை எடுத்து வைத்திருக்கிறேன் என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லாதே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா