ஐந்தரை மணிக்கு போன் செய்யாதே

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொல்ல வராத ஒரு விஷயம், அதனால்தான் இந்த மெயில். பதறாதே. பி.பி., சுகர் எல்லாம் எப்போதும் போலத்தான், நான் எங்கேயும் வழுக்கி விழவில்லை, மாடி ஒழுகவில்லை. விஷயம் இவ்வளவுதான்: தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு நீ போன் செய்வதை நிறுத்த வேண்டும்.

கோபப்படாமல் மீதியையும் படி. அப்பா போனதிலிருந்து ஒரு நாள் தவறாமல் கூப்பிடுகிறாய், அது எனக்குத் தெரியாமல் இல்லை. குழந்தையைத் தூங்கவைத்து, பாத்திரம் கழுவி வைத்து, மெல்போர்னில் இரவு பத்து மணிக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டே "சாப்பிட்டியாம்மா, தனியா என்ன பண்றே, போர் அடிக்கலையே" என்று கேட்கிறாய். நானும் "ஒண்ணும் இல்லடா, சும்மாதான் உட்கார்ந்திருக்கேன்" என்று சொல்லிவிடுகிறேன். பொய்டா. ஐந்தரைக்குக் கூடத்தில் பதினொரு பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து ஜண்டை வரிசை பாடிக்கொண்டிருக்கும். நான் போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து உன்னிடம் சும்மா இருப்பதாகச் சொல்லிவிட்டுத் திரும்பினால், ஒன்று சுருதிப்பெட்டியின் திருகைத் திருகியிருக்கும், இன்னொன்று தாளத்தைப் பக்கத்துப் பையன் முதுகில் போட்டுக்கொண்டிருக்கும், மொத்தக் கோஷ்டியும் கட்டை மாறி எங்கேயோ போயிருக்கும். மறுபடி ஸா பிடித்து நிறுத்தவே கால் மணி நேரம் ஆகிவிடுகிறது.

சரி, உண்மையில் என்னதான் செய்கிறேன் என்று கேட்டாயே, இந்த ஒரு வாரத்தை மட்டும் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆடிப்பெருக்கு. தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், புளியோதரை மூன்றும் கட்டிக்கொண்டு, எதிர்வீட்டு அக்காவோடு காவேரிக்கரைச் சக்கரப் படித்துறைக்குப் போனேன். இந்த வருஷம் (2025) மேட்டூர் அணையை ஜூன் 12-லேயே திறந்துவிட்டதால் ஆற்றில் நல்ல தண்ணீர். காதோலை கருகமணி வைத்துப் படைத்து, மஞ்சள் சரடு கட்டிக்கொண்டார்கள். நான் கட்டிக்கொள்ளவில்லை, ஓரமாக ஒதுங்கி நின்றிருந்தேன். அந்த அக்கா என்ன நினைத்தாரோ, ஒரு சரடை எடுத்து என் மணிக்கட்டில் முடிந்துவிட்டு "ஆறு எல்லாருக்கும்தானே டீச்சர்" என்றார். இன்னும் அவிழ்க்கவில்லை. அப்புறம் யாரோ பாடச் சொல்ல, காவேரியைப் பார்த்துக்கொண்டே மோகன ராகத்தில் கொஞ்சம் ஆலாபனை செய்தேன். மைக் இல்லை, பக்கவாத்தியம் இல்லை, சுற்றிலும் ஒரே இரைச்சல். பத்துப் பேர் கேட்டிருந்தால் அதிகம். பல மேடைகளில் வராத தைவதம் அன்றைக்கு வந்தது.

மூன்றரைக்குள் வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்று எல்லாரையும் விரட்டினேன். ஏன் என்று உனக்குத் தெரியும். லண்டன் ஓவலில் இங்கிலாந்தோடு நம் அணியின் கடைசி டெஸ்ட், நான்காவது நாள். இங்கிலாந்துக்கு 374 ரன் இலக்கு. ப்ரூக் 19-இல் இருக்கும்போது தூக்கி அடித்தார், சிராஜ் எல்லைக்கோட்டருகே அழகாகப் பிடித்தார், பிடித்துவிட்டுக் காலைப் பின்னால் வைத்துக் கயிற்றை மிதித்துவிட்டார். சிக்ஸர்! அடுத்த கொஞ்ச நேரத்தில் நீ போன். "புளியோதரை பண்ணினியாம்மா?" நான் என்ன பதில் சொன்னேன் என்றே நினைவில்லை. அந்த ப்ரூக் 111 அடித்துவிட்டுத்தான் போனார், ரூட் 105. பிறகு வெளிச்சம் போய், மழையும் வந்து, 35 ரன் வேண்டும், நான்கு விக்கெட் இருக்கிறது என்ற நிலையில் ஆட்டம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வந்தது என்றா நினைக்கிறாய்?

திங்கள் மூன்றரைக்கு என்னிடம் வருகிற மாணவருக்கு வயது 68. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், இப்போதுதான் சரளி வரிசை ஆரம்பித்திருக்கிறார். மாயாமாளவகௌளையில் ரிஷபத்தைத் தொடும்போது, யாரோ விட்டுப்போன கட்டுப் பணத்தைத் தொடுகிற மாதிரி அத்தனை ஜாக்கிரதை. நோட்டுப் புத்தகத்தைத் திறந்தவர் டி.வி.யைப் பார்த்தார், மூடிவிட்டார். "சரளி வரிசை நாளைக்கும் இருக்கும் டீச்சர்." இரண்டு பேருமாக உட்கார்ந்து பார்த்தோம். முதல் இரண்டு பந்தும் பவுண்டரி. அவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார், சஹஸ்ரநாமமா திட்டா தெரியவில்லை. அப்புறம் சிராஜ் வந்தார் பார், ஸ்மித் போனார், ஓவர்டன் போனார், பிரசித் ஒரு பக்கம் டங்கை போல்டாக்கினார். கடைசியில் வோக்ஸ் ஒரு கையை ஸ்வெட்டருக்குள் கட்டிக்கொண்டு, மறுகையில் மட்டையோடு இறங்கினார். தோள் விலகிய மனிதர் ஓடும்போதெல்லாம் முகம் சுருங்குகிறது. எதிரணிதான், எனக்கே வலித்தது. ஒரு சிக்ஸர் வேறு போனது. ஏழு ரன் வேண்டும் என்றபோது அட்கின்சனுக்கு ஒரு யார்க்கர், ஸ்டம்ப் சிதறியது. 6 ரன்னில் வெற்றி, தொடர் 2-2. முந்தின நாள் கயிற்றை மிதித்த அதே ஆள் ஐந்து விக்கெட்!

ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்று ஐந்தரைக்கு நீ கூப்பிட்டு "ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு, அழுதியா?" என்று கேட்டாய். ஜலதோஷம் என்றேன். நீ உடனே மிளகு கஷாயம் எப்படிப் போடுவது என்று எனக்கே சொல்லிக் கொடுத்தாய். கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது, வேறொன்றும் இல்லை. பாட்டு டீச்சர் இப்படித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளலாமா என்று அப்பா இருந்திருந்தால் கேட்டிருப்பார். அவருக்கு கிரிக்கெட் கடைசிவரை புரியவே இல்லை, பாவம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாரும் சிராஜைத்தான் பேசுகிறார்கள், பேச வேண்டியதும்தான். ஆனால் இரண்டாவது இன்னிங்ஸில் ஒன்பது விக்கெட் போன பிறகு நம் வாஷிங்டன் சுந்தர் பிரசித்தை எதிர்முனையில் நிறுத்திக்கொண்டு 39 ரன் அடித்தாரே, நான்கு சிக்ஸரோடு 53, அது இல்லாமல் இந்த ஆறு ரன் எங்கிருந்து வரும்? பக்கவாத்தியக்காரர் மாதிரி. மறுநாள் பேப்பரில் கடைசி வரியில் பெயர் வரும்.

உன் தாத்தா சொல்லிக் கொடுத்த பார்வை இது. எனக்குப் பன்னிரண்டு வயது, 1975 பொங்கல் சமயம், சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளோடு டெஸ்ட். தாத்தா டிரான்சிஸ்டரைத் தோளில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு விக்கெட் எடுக்கிறார், எதிரே விஸ்வநாத் 97 நாட் அவுட், மொத்தமே 190. சதம் இல்லை. "மூணு ரன் இல்லேன்னா என்ன, ராகம் முழுசா இருக்கே" என்றார். எனக்கு அன்று பிடித்த பைத்தியம்.

புதன்கிழமை வகுப்பில் அலங்காரம் என்கிற தாளப் பயிற்சி. ரூபக தாளம் பிள்ளைகளுக்கு எப்போதும் தகராறு, ஒரு திருதம், ஒரு லகு, ஆறு அட்சரம் என்றால் முழிப்பார்கள். ஓவருக்கு ஆறு பந்து, அவ்வளவுதான் போடுங்கள் என்றேன். பையன்கள் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டார்கள். உடனே ஒன்பது வயது வாலு ஒன்று, "வைடு போட்டா ஏழு ஆயிடுமே டீச்சர்?" என்று கேட்டது. "ஆமா, அதுதான் திரிபுடை" என்றேன். சிரித்துச் சிரித்து அன்றைக்குப் பாடமே நடக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம், பாட்டு பீரியட் வந்தாலே போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு வாத்தியார் வந்து நிற்பார், நானும் விட்டுக்கொடுத்துவிட்டு வெளியே வருவேன். இப்போது என் கூடம், என் பீரியட். யாரும் கேட்டு வருவதில்லை, ஐந்தரைக்கு உன்னைத் தவிர.

வியாழன் எங்கள் மூவர் அணி நரசிங்கம்பேட்டை போய் வந்தது. மூன்று பேரும் ஓய்வு பெற்ற டீச்சர்கள், மயிலாடுதுறை பஸ்ஸில் ஏறி ஆடுதுறை தாண்டி இறங்கினோம். பிறந்ததிலிருந்து நாதஸ்வரம் கேட்கிறேன், செய்வதை ஒரு நாளும் பார்த்ததில்லை, வெட்கக்கேடு. ஆச்சா மரம், அதுவும் புதுசு உதவாது, பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற உத்திரம், தூண் இவற்றைத்தான் வாங்கி வைத்திருக்கிறார்கள். பல வருஷம் காய்ந்து இனி சுருங்க ஒன்றும் இல்லை என்று ஆன மரம்தான் கடைசலுக்கு வரும், சுருதி நிற்கும். 2022-இல் இந்த ஊர் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பக்கத்து ஊர் திருவாவடுதுறை, ராஜரத்தினம் பிள்ளையின் ஊர். முன்பெல்லாம் குட்டையான திமிரிதான் எங்கும், உச்சஸ்தாயியில் பீறிடும். கட்டை இறங்கிய நீளமான பாரி நாயனத்தைக் கொண்டுவந்து நிலைநிறுத்தியது அவர்தான், அதற்கான வாத்தியம் உருவானது இந்தத் தெருவில். வேலை நடக்கிற இடத்தில் மரத்தூள் வாசனை மூக்கை நிறைத்தது. யாரோ ஒருவருடைய தாத்தா வீட்டு உத்திரம் இனிமேல் தோடி வாசிக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். பஸ்ஸில் உட்கார இடம் இல்லை, முட்டி வலித்தது, அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறைத்தேன் என்பாய்.

விடியற்காலைகள் என்னுடையவை. வகுப்புக்கு எலக்ட்ரானிக் பெட்டி போதும், ஐந்து மணிக்கு எனக்கு மட்டும் தஞ்சாவூர்த் தம்புரா. இந்த வாரம் ஜீவா நூல் மாற்றினேன். பாலத்துக்கும் தந்திக்கும் நடுவே அந்த நூலை மயிரிழை மயிரிழையாக நகர்த்திக்கொண்டே போனால் ஓர் இடத்தில் தந்தி பேச ஆரம்பிக்கும், மந்தர ஸட்ஜத்துக்குள்ளிருந்து யாரும் மீட்டாத காந்தாரம் தானாகக் கேட்கும். அந்த இடம் கிடைக்க இருபது நிமிஷம் ஆனது. அப்புறம் காப்பி. இப்படி ஒரு காலைக்குப் பிறகு போர் அடிக்கிறதா என்று கேட்டால் நான் என்னடா சொல்வது!

ஆனால் ஒன்று, நீ என்னை எங்கும் அழைத்துப் போகவில்லை என்று சொல்லமாட்டேன். 2022 அக்டோபர் 23 எனக்கு மறக்காது. மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் டி20 உலகக் கோப்பை, பாகிஸ்தானோடு மேட்ச், 90,293 பேர், அதில் ஒருத்தி நான், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர். கோலி 82, எல்லாரும் அதைச் சொல்வார்கள். கடைசிப் பந்துக்கு இரண்டு ரன் வேண்டும், நவாஸ் காலுக்கு வெளியே போடுகிறார், அஸ்வின் மட்டையை எடுத்துக்கொண்டு விலகி நின்றார். வைடு. தொண்ணூறாயிரம் பேர் கத்துகிறபோது சும்மா இருக்கத் தெரிந்தது அந்த ஒரு மனிதருக்குத்தான். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு "கார்வைடா, கார்வை" என்று கத்தினேன், பாட்டில் அடுத்த ஸ்வரத்துக்கு அவசரப்படாமல் நின்று காக்கிற இடம் அது, நீ குளிரில் உளறுகிறேன் என்று நினைத்தாய். மறுநாள் தீபாவளிக்கு உன் வீட்டில் விடிகாலை எண்ணெய் தேய்த்துக்கொண்டு பாட உட்கார்ந்தால் குரலே இல்லை. அப்போது பாப்பா கைக்குழந்தை, காற்றாக வந்த என் குரலுக்கே திரும்பிப் பார்த்தாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ ஐந்தரைக்குக் கூப்பிடும்போது பாப்பா தூங்கிவிடுகிறாள். ஞாயிறன்று மட்டும் பத்து நிமிஷம் முகம் காட்டுகிறாய், அவள் பொம்மையைக் காட்டிவிட்டு ஓடிவிடுகிறாள். ஆகவே இப்படிச் செய். நீ ஆபீசிலிருந்து வந்து, உங்கள் ஊர் ஆறரை மணிக்கு, அவள் சாப்பிட உட்கார்வதற்கு முன்னால் கூப்பிடு. எனக்கு இரண்டு மணி, சாப்பிட்டு முடித்துச் சாய்ந்திருப்பேன். அக்டோபரில் உங்கள் ஊரில் கடிகாரத்தை முன்னால் தள்ளுவார்களே, அப்போது எனக்கு ஒரு மணி ஆகிவிடும், பரவாயில்லை, சாப்பாட்டைத் தள்ளிப் போட்டுக்கொள்கிறேன். உன்னோடு பேச ஐந்து நிமிஷம் போதும். மீதி அவளுக்கு. இன்டர்நெட்டில் சேர்ந்து பாட முடியாது, குரல் சற்றுத் தள்ளித்தான் போய்ச் சேரும். அதனால் நான் பாடி நிறுத்துவேன், அவள் பாடட்டும். ஸ, ப, மேல் ஸ. மூன்றே மூன்று. ஒரு சுருதிப் பெட்டி ஆப் இறக்கி வை, ஐந்தரைக் கட்டை சுருதியில் வை, அவள் குரலுக்கு அதுதான் சரியாக இருக்கும் என்று கைக்குழந்தையாக அவள் அழுததைக் கேட்டபோதே நினைத்தேன்.

இனி செப்டம்பர் ஆசியக் கோப்பை வரைக்கும் நம் அணிக்கு மேட்ச் எதுவும் கிடையாது, எனக்கும் சாக்குச் சொல்ல வழியில்லை. நாளையிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஐந்தரைக்கு அடித்தால் எடுக்கமாட்டேன், திரிபுடை தாளம் இன்னும் முடியவில்லை.

அன்புடன்,
அம்மா

பி.கு.: அந்த மிளகு கஷாயத்தில் நீ சித்தரத்தையைச் சொல்லவே இல்லை.