மூன்று கிலோதான் அனுப்புகிறேன்

கொழிஞ்சாம்பாறை, கேரளா,
மாசி 10

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. திட்டாதே. அறுவடை, நெல் அவிப்பு, மில் என்று அலைந்ததில் பேனாவைத் தொட முடியவில்லை. அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன், நீ கேட்டதற்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

"பாலக்காட்டு மட்டை அரிசி பத்து கிலோ அனுப்பு, தாத்தா காலத்து அரிசியாம், சர்க்கரைக்கு நல்லதாம்" என்று எழுதியிருந்தாய். முதலில் அந்தத் தாத்தாவைப் பார்ப்போம். இன்று மட்டை என்ற பெயரில் மூட்டை மூட்டையாக விற்கும் சிவப்புப் புழுங்கல் அரிசியில் நிறைய ஜோதி ரகம்தான். எழுபதுகளில் பட்டாம்பி ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த நெல். ஒரு பக்கம் நம் பழைய ரகம், இன்னொரு பக்கம் பசுமைப் புரட்சியில் வந்த குட்டை நெல் ஐ.ஆர். 8. இரண்டையும் சேர்த்து உருவாக்கியது. நீ எதை வேண்டாம் என்று ஓடுகிறாயோ அதன் பிள்ளையைத்தான் கேட்டிருக்கிறாய்! ஜோதியை நான் குறை சொல்ல மாட்டேன். சிவப்பாக இருக்கும், சோறு ருசிக்கும், இத்தனை வருஷம் எங்கள் வீட்டு அடுப்பெரிந்தது அதனால்தான். யூரியா இல்லாமல் ஜோதி போடுகிறவனும் இருக்கிறான், பழைய ரகத்தைப் போட்டுவிட்டு மருந்தடிக்கிறவனும் இருக்கிறான். பெயரைக் கேட்டு மட்டும் வாங்காதே.

சரி, எனக்கும் ஆசை விடவில்லை. போன ஆவணியில் அரை ஏக்கரில் சிற்றேனி நட்டேன். இது நிஜமாகவே பழசு. இரண்டாம் போகத்து நெல். முந்தி நட்டாலும் பிந்தி நட்டாலும் பகல் குறுகினால்தான் கதிர் விடும், நம் அவசரம் அதற்குக் கிடையாது. தழைச்சத்துக்குச் சணப்பை விதைத்து மடக்கி உழுதேன், மாட்டுச்சாணம் போட்டேன், அவ்வளவுதான். பயிர் என் நெஞ்சு உயரம் வந்தது. வரப்பில் நின்று பார்த்தவனெல்லாம் "வாத்தியார் வைக்கோலுக்கு விதைச்சிருக்காரு" என்றான்.

சொன்னது பலித்துவிட்டது. மார்கழி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்தது. உனக்கு மறந்திருக்காது, பொள்ளாச்சி ஹாஸ்டலில் ஜன்னல் கதவைக் கயிறு போட்டுக் கட்டுவோமே, அதே காற்று. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் வயல் முழுக்கப் பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடக்கிறது. குட்டை ரகம் ஏன் வந்தது என்று பள்ளிக்கூடத்தில் எத்தனையோ வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன், அன்றைக்குத்தான் எனக்கே புரிந்தது. படுத்த நெல்லில் அறுவடை மெஷினை இறக்க மாட்டேன் என்று மெஷின்காரன் சொல்லிவிட்டான். ஆள் பிடித்து அரிவாளால் அறுத்தோம். ஜோதி போட்டால் பத்துக் குவிண்டால் காணும் இடத்தில் நான்குதான் தேறியது. வைக்கோல் மட்டும் போர் போராக. மாடு என்னை வாழ்த்துகிறது.

இதுகூடப் பரவாயில்லை. அடி விழுந்தது மில்லில்.

முதல் இரண்டு மூட்டையை வீட்டிலேயே அவித்தோம். ராத்திரி முழுக்க ஊறவைத்து, விடிகாலையில் அண்டாவில் ஏற்றி, ஈரச் சாக்கால் மூடி, உமி வாய் பிளக்கும் வரை அவிக்க வேண்டும். என் வீட்டுக்காரிக்கு, அதான் உன் தங்கச்சிக்கு, அவள் அம்மா சொல்லித்தந்த கணக்கு: சாக்கின் நடுவில் ஆவி வந்தால் போதாது, ஓரத்திலும் வர வேண்டும். களத்தில் கொட்டிக் காலால் கோடு கோடாகக் கிளறிக் காயவைத்தாள். ஒரு மணியை எடுத்துக் கடித்து, டக் என்று உடைந்த பிறகுதான் அள்ளவிட்டாள். இரண்டு நாள் வேலை. அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு பக்கத்து மில்லுக்குப் போனேன். "உமியை மட்டும் எடுங்க, தவிடு போகக் கூடாது" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனது என் தப்பு. திரும்பி வந்தால் அரிசி தும்பைப் பூ மாதிரி வந்து விழுகிறது. செம்மண் நிறத்தில் என் தவிடு தனி மூட்டையில். தவிடு மில்காரருக்கு, அது கூலியில் சேர்த்தி, ஊர் வழக்கம். ஆறு மாத உழைப்பை மாட்டுத் தீவனமாக அவரிடம் கொடுத்துவிட்டு, கடையில் கிடைக்கிற வெள்ளை அரிசியைக் காசு கொடுத்து வாங்கி வந்த கதை!

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு மூட்டைக்காக மெஷினைத் திருப்பி வைக்க அவருக்குக் கட்டுமா? முன்பெல்லாம் ஊருக்கு ஊர் ஹல்லர் என்கிற சின்ன அரவை மெஷின் இருந்தது. இப்போது லாரி கணக்கில் வந்தால்தான் மில் ஓடும். பழைய விதையைத் தேடிப்பிடிக்க நூறு பேர் இருக்கிறார்கள். நெல் ஜெயராமன் 2018இல் போய்ச்சேரும் முன் நூற்றெழுபதுக்கும் மேல் ரகங்களை மீட்டார், இரண்டு கிலோ விதை கொடுத்து மறு வருஷம் நான்கு கிலோவாக வாங்கி ஊரெல்லாம் பரப்பினார். அந்த நெல்லைப் பதமாக உரித்துத் தர ஒரு மில்லைத் தேடினால்தான் நாக்குத் தள்ளுகிறது. கடைசியில் பொள்ளாச்சி போகிற வழியில் ஒருவர் கிடைத்தார். ரப்பர் உருளை வைத்து உமியை மட்டும் நீக்குகிறார். வேறு மாநிலத்துக்கு நெல்லைக் கொண்டுபோய் அரிசியாகத் திருப்பிக் கொண்டுவருகிறேன், சிரிப்பாய்தானே?

நிலக்கடலை எண்ணெயும் கேட்டிருந்தாய். அது இல்லை. ஆழியாற்றுத் தண்ணீர் மூலத்தறைத் தடுப்பணை வழியாக வந்த பிறகு, கடலையும் சோளமும் விளைந்த கரிசலில் தென்னைதான் நிற்கிறது. அந்தத் தென்னையிலும் பாதி கள்ளுக்குப் போகிறது. உனக்கு அது வருத்தமாக இருக்காது என்று தெரியும்.

இன்னொன்று சொல்லட்டுமா, என்னைப் பெரிய இயற்கைவாதி என்று நினைத்துவிடாதே. போன வாரம் பேரன் அழுதான் என்று பாட்டில் குளிர்பானம் வாங்கிக் கொடுத்தேன். வாங்கியது எங்கே தெரியுமா, பிளாச்சிமடை போகிற ரோட்டில்! கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனது என்று மயிலம்மாவும் மற்றவர்களும் 2002இல் குளிர்பான ஆலை வாசலில் உட்கார்ந்தார்களே, அதே ஊர். ஆலை 2004இல் நின்றுவிட்டது. பாட்டில் நிற்கவில்லை. காசு கொடுக்கும்போது கடைக்கார அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் சாதாரணமாகச் சில்லறை எண்ணிக்கொடுத்தார்.

அரிசிக்கு வருகிறேன். பத்து கிலோ கேட்டாய், மூன்றுதான் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். கஞ்சத்தனம் இல்லை. தவிட்டோடு இருக்கும் அரிசி நாள்பட்டால் காறல் வாடை அடிக்கும், வண்டும் விடாது. அதனால் நெல்லாகவே வைத்திருக்கிறேன், மாதா மாதம் உரித்து அனுப்புகிறேன். ராத்திரியே ஊறவை. குக்கரில் ஏழெட்டு விசில் விடு. பொலபொலவென்று வராது, தடியாகத்தான் இருக்கும். மதியச் சோற்றைவிட, மறுநாள் காலை நீராகாரத்தில் சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு சாப்பிட்டுப் பார். அளவோடு சாப்பிடு, இது மருந்து இல்லை, சோறுதான். மூன்று தட்டுப் போட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

பை காலியானதும் திருப்பி அனுப்பு, துணிப்பை, உன் தங்கச்சி தைத்தது.

உன்
பழைய பெஞ்சுக்காரன்