கோர்தோபாவுக்குப் போகும் அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

வரும் அக்டோபரில் நீ மறுபடியும் ஸ்பெயினின் கோர்தோபாவுக்குப் போகிறாய் என்பதை உன் மகள் சொல்லித்தான் அறிந்தேன். என்னை அழைக்காததில் வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய். அழைக்கும்படி நான் நடந்துகொள்ளவில்லை என்பதும் உண்மை. இந்த மே மாதத்தோடு நாம் அங்கே போய்வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. தபாலில் அனுப்பிய இரண்டு கடிதங்களுக்கும் நீ பதில் எழுதவில்லை. இந்தப் பக்கத்தை நீ வாசிப்பதுண்டு என்று தெரிந்ததால் இங்கே எழுதுகிறேன்.

அன்று காலை, மசூதியாக எழுந்து பின்னர் பேராலயமான மெஸ்கீத்தாவில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனால் நான் அதை எப்படி நினைவில் வைத்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரியாது. ஆரஞ்சு மர முற்றத்தைக் கடந்து எட்டரை மணிக்கு உள்ளே நுழைந்தோம். நகரை ஆண்ட முதலாம் அப்துர் ரஹ்மான் 8-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டத் தொடங்கிய மிகப் பழைய பகுதியில் நீ நின்றுவிட்டாய். நான் வழிகாட்டி நூலை வாசித்துக்கொண்டே நடந்தேன்: 856 தூண்கள், நான்கு கட்டங்களாக நடந்த விரிவாக்கம், 1236-இல் கிறிஸ்தவ மன்னர் மூன்றாம் பெர்னாண்டோ நகரைக் கைப்பற்றியதும் தேவாலயமாக மாறியது. திரும்பிப் பார்த்தபோது நீ ஒரு தூணில் உள்ளங்கையை வைத்து அண்ணாந்து நின்றாய். "இவையெல்லாம் வேறு வேறு கட்டடங்களிலிருந்து எடுத்து வந்த தூண்கள். ஒன்றின் தலைப்பகுதி போல இன்னொன்று இல்லை. உயரம் போதாமல்தான் வளைவின் மேல் வளைவு வைத்துக் கூரையைத் தூக்கியிருக்கிறார்கள்" என்றாய். ரோமானிய, விசிகோத்தியக் கட்டடங்களின் தூண்கள் அவை என்று நூலின் அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் அந்தப் பக்கத்தை இன்னும் புரட்டியிருக்கவில்லை. நீ கண்ணால் பார்த்தே சொல்லிவிட்டாய்.

பிறகு, இன்னும் பத்து நிமிடம் இருக்கட்டுமா என்று கேட்டாய். ஊருக்கு வெளியே இடிபாடாகக் கிடக்கும் மெதினா அசஹாராவுக்குப் போகும் பேருந்து தவறிவிடும் என்று நான் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீ எப்போதும் எல்லோரையும் காக்க வைப்பவள்" என்றேன். அதற்கடுத்த வாக்கியத்தை இங்கே எழுத மாட்டேன். நம் உறவினர் பலரும் இதை வாசிக்கிறார்கள். அதில் யாரைக் குறிப்பிட்டேன் என்பது நம் இருவருக்கும் தெரியும். நீ தூணிலிருந்து கையை எடுத்தாய். பேருந்தில் உன் இருக்கையைச் சன்னல் பக்கம் மாற்றிக்கொண்டாய்.

அந்த வாக்கியத்துக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதையும் நீ கேட்க வேண்டும். அந்த ஒன்பது வாரங்களும் இரவுகளில் நான் மட்டுமே விழித்திருந்தேன்; வருகிறேன் வருகிறேன் என்று நீ சொன்ன ஒவ்வொரு தேதியையும் நாள்காட்டியில் குறித்து வைத்திருந்தேன். இதை எழுதும்போதே கை சூடாகிறது. விமானச்சீட்டுக்கு நீ யாரிடம் கடன் கேட்டு நின்றாய் என்பது பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. தெரியாமல் பேசியது என் பிழை. நீ சொல்லாமல் மறைத்ததும் பிழைதான், அக்கா.

மெஸ்கீத்தாவின் நடுவே எழுந்து நிற்கும் பேராலயத்தைப் பார்த்து அன்று நான் கோபப்பட்டேன், நீ படவில்லை. 1523-இல் தூண்களை அகற்றி அதைக் கட்டத் தொடங்கியபோது நகரசபையே எதிர்த்தது. மன்னர் ஐந்தாம் கார்லோஸ் ஆயர் பக்கம் நின்று இசைவு தந்தார். பின்னர் நேரில் வந்து பார்த்தபோது, எங்கும் இருப்பதைக் கட்டுவதற்காக எங்கும் இல்லாததை அழித்துவிட்டீர்கள் என்று அவர் வருந்தியதாக ஒரு கதை வழங்குகிறது. பார்க்காமல் கொடுத்த சொல்லை அவரால் திரும்பப் பெற முடியவில்லை. அந்தக் கதையை இந்த ஏழாண்டுகளில் பலமுறை நினைத்துக்கொண்டேன்.

பேருந்தைப் பிடித்துப் போய் நான் பார்த்த மெதினா அசஹாராவில் ஒரு கல்கூட இப்போது மனத்தில் இல்லை. மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936-இல் கட்டத் தொடங்கிய அரண்மனை நகரம் அது. நூறு ஆண்டுகூட நிற்காமல் உள்நாட்டுப் போரில் சூறையாடப்பட்டது. அகழாய்வில் வெளிவந்திருப்பது அதன் சிறு பகுதிதான். இத்தனை தெரிந்தும், வெயிலில் எனக்கு முன்னே நடந்த உன் முதுகு மட்டுமே நினைவில் நிற்கிறது. நீ இம்முறை அங்கே போக வேண்டாம். போனால் என்னை நினைப்பாய், அதுவும் அந்த நாளின் என்னை.

அதற்குப் பதிலாக வியானா மாளிகைக்குப் போ. மே மாதத் திருவிழாவில்தான் வீட்டு முற்றங்களைத் திறப்பார்கள் என்றாலும், அங்கே 12 முற்றங்களை அக்டோபரிலும் பார்க்கலாம். சான் பசிலியோ பகுதியில் ஒரு பாட்டி, நீண்ட கழியின் நுனியில் தகரக் குவளை கட்டி, சுவரின் உச்சியிலிருந்த நீலத் தொட்டிகளுக்கு நீர் வார்த்தாரே! மொழி தெரியாமலே அந்தக் கழியை நீ கேட்டு வாங்கினாய். ஜெரானியத்துக்கு ஊற்றிய நீரில் பாதி உன் தலையில் விழ, இருவரும் சிரித்தீர்கள். அதற்கு முந்தைய பல மாதங்களில் நீ சிரித்து நான் பார்த்ததில்லை.

யூதர் தெருக்களில் 1315-இல் கட்டிய தொழுகைக்கூடத்தைப் பார். இடைக்காலத்தைச் சேர்ந்தவற்றுள் ஸ்பெயினில் நன்கு எஞ்சியிருப்பவை மிகச் சில, அவற்றுள் இரண்டு தொலேதோவில் உள்ளன. அறை மிகச் சிறியது. சுவரில் எபிரேய எழுத்துகளைத் தேடிப் பார்க்க உனக்குப் பிடிக்கும். அருகிலேயே யூத மெய்யியலாளர் மைமோனிடீஸின் சிலை இருக்கிறது. அறிவு வரும் என்று எல்லோரும் தொட்டுத் தொட்டு அவருடைய பாதம் பளபளக்கிறது. மெஸ்கீத்தாவின் மணிக்கோபுரத்தில் மட்டும் ஏறாதே. உள்ளே 10-ஆம் நூற்றாண்டு மினார் மறைந்திருக்கிறது என்று யாராவது ஆசை காட்டுவார்கள். உன் முழங்கால் தாங்காது. சல்மோரேஹோ என்னும் தக்காளிக் கூழைக் கேட்கும்போது "சின் ஹமோன்" என்று மறக்காமல் சொல், இல்லையென்றால் பன்றி இறைச்சித் துணுக்குகளைத் தூவிவிடுவார்கள். கரும்புப் பாகு ஊற்றித் தரும் கத்தரிக்காய் வறுவல் உனக்கு ஒத்துக்கொள்ளும். மாலையில் ரோமானியப் பாலத்தைக் கடந்து கலஹோரா கோபுரத்தின் அருகே நின்று திரும்பிப் பார். குவாதல்கிவீர் ஆற்றின் அக்கரையில் மெஸ்கீத்தா முழுதாகத் தெரியும்.

2025 ஆகஸ்ட் 8 இரவு மெஸ்கீத்தாவில் தீப்பற்றியது என்ற செய்தியைப் பார்த்ததும் உன்னைத்தான் அழைத்தேன். மணி இரண்டு முறை அடித்ததும் துண்டித்துவிட்டேன். நீ திரும்ப அழைக்கவில்லை. 10-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைச்சர் அல்மன்சூர் விரிவாக்கிய பகுதியில் ஒரு சிற்றாலயத்தின் கூரை இடிந்தது. நீ நின்ற பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது தெரியும் வரை நான் தூங்கவில்லை.

ஞாயிறு தவிர்த்து ஒரு நாள் காலை எட்டரைக்கே போய்விடு. ஒன்பதரை வரை கட்டணமில்லை, கூட்டமும் குறைவு. தொழும் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபின் பொன் மொசைக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் உன் தூணைத் தேடிப் போ. உன் மகள் அவசரப்படுத்தினால், அவளை முற்றத்து ஆரஞ்சு மரத்தடியில் காத்திருக்கச் சொல். அவள் காத்திருப்பாள், அதை நான் அவளிடம் முன்பே சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் தங்கை